கலியமூர்த்தி படத்துக்கு அரும்பாவூர்ச் சட்டம்

பெரம்பலூரில் புதுசாகக் கட்டியிருக்கும் கண் வங்கியில், உள்ளே நுழைந்ததும் இடது பக்கச் சுவரில் ஒரு படம் மாட்டியிருக்கிறார்கள். வெள்ளைச் சட்டை, எண்ணெய் தடவி வாரிய தலை, பஸ்ஸில் டிக்கெட் கேட்கிற மாதிரி ஒரு சிரிப்பு. அதுதான் கலியமூர்த்தி. படத்தைச் சுற்றி மரச்சட்டம். கடையில் வாங்கின சட்டம் இல்லை. அரும்பாவூர் ஆசாரி கையால் செதுக்கியது. சுற்றிலும் கொடி ஓடும், நாலு மூலையிலும் கிளி உட்கார்ந்திருக்கும். திறப்பு விழாவுக்கு என்னையும் கூப்பிட்டார்கள். சால்வை போட்டார்கள். போட்டுவிட்டு, அந்தப் படத்துக்கு நேராகவே நாற்காலி போட்டு உட்கார வைத்துவிட்டார்கள். விழா முடிகிற வரைக்கும் அவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தான்.

அங்கே வேலை பார்க்கிற பிள்ளைகள், "ஐயா, அவரைப் பத்தி நீங்கதான் எழுதித் தரணும், ஆஸ்பத்திரி மலர்ல போடணும்" என்றார்கள். அவனைப் பற்றி எழுத நான் எதற்கு? என்னைப் பற்றி எழுதுகிறேன். நடுவில் அவன் வருவான். எங்கே போனாலும் குறுக்கே வந்தவன், இதில் மட்டும் வராமல் இருப்பானா?

நான் ரஞ்சன்குடிக்காரன். பேர் சின்னசாமி. கோட்டை மேட்டில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவன். எங்கள் அப்பா அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனவர். மூணாங்கிளாஸோடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது, நானும் அதை விட்டுவிட்டேன். லாரியில் கிளீனராக ஏறி, லைசென்ஸ் எடுத்து, எழுபதுகளில் திருச்சியில் ஒரு தரும கண் ஆஸ்பத்திரியில் வேன் டிரைவரானேன். யார் சிபாரிசும் கிடையாது. பார்வை சோதிக்கிற பலகை இருக்கிறதே, மேலே பெரிய எழுத்து, கீழே வர வரச் சின்ன எழுத்து, அதை வைத்துத்தான் நான் சரளமாக எழுத்துக்கூட்டப் பழகினேன். முகாமில் பலகையைத் தூக்கிக் கட்டுகிறவனும் நானே, அதைப் படிக்கிற கடைசி ஆளும் நானே. இன்றைக்கு இந்தக் கட்டுரையை நானே என் கையால் எழுதுகிறேன் என்றால் அந்தப் பலகை போட்ட பிச்சை.

கண் தானம் என்றால் என்னவென்று அப்போது பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் யாருக்கும் தெரியாது. எங்கள் வேனுக்கு "கண்ணு நோண்டி வண்டி" என்று பேர். வண்டியைப் பார்த்தாலே பிள்ளைகளை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்துவார்கள். அந்த ஊர்களில் முதன்முதலில் வாயைத் திறந்து கண் கேட்டவன் நான். டிரைவர் வேலையில் அது சேராது. ஆனால் கண் எடுக்க என் வேனில் வருகிற டாக்டரம்மாவுக்கு இந்தப் பக்கத்துப் பேச்சு வராது. நான் பேசினேன். ஒரு வீடு கொடுத்தது, பிறகு இன்னொரு வீடு கொடுத்தது. "சின்னசாமி, நீங்க டிரைவர் மட்டும் இல்லை" என்று டாக்டரம்மா தன் வாயால் சொன்னார். அதை நான் மறக்கவில்லை. அவர் மறந்துவிட்டார், அது வேறு கதை.

டாக்டரம்மா வேலை செய்கிற அழகை எழுதியே ஆக வேண்டும். சாவு வீட்டுக்குப் போனால் செருப்பை வண்டியிலேயே கழற்றிவிடுவார். வெயிலில் தார் உருகினாலும் வெறுங்கால்தான். உள்ளே போய், இறந்தவர் காலடியில் நின்று கை கூப்புவார். அப்புறம் ஃபேனை நிறுத்தச் சொல்வார், காற்றுப் பட்டால் கருவிழி காய்ந்துபோகும். தலைக்கு அடியில் தலகாணி வைத்துத் தூக்கி, மூடிய இமை மேல் ஈரப்பஞ்சு வைப்பார். உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். ஆனால் அவர் யாரையும் அவசரப்படுத்தி நான் பார்த்ததில்லை. சொந்தக்காரர்கள் நாலு பேர் வேட்டியை விரித்துத் திரை பிடிப்பார்கள். நான் டார்ச் பிடிப்பேன். எடுப்பதற்கு முன்னால் குனிந்து, இறந்தவர் காதோடு, "எடுத்துக்கிறேங்க" என்பார். செத்தவரிடம் உத்தரவு கேட்ட டாக்டர், நான் பார்த்ததில் அவர் ஒருத்தர்தான்.

எடுத்த கண்ணை மூடி போட்ட கண்ணாடிக் குப்பியில், ஈரத்துணி மேல் கருவிழி மேலே பார்க்கிற மாதிரி உட்கார வைப்பார். கண் இருந்த குழியில் பஞ்சு வைத்து இமையைச் சேர்த்து மூடி, முகத்தைத் துடைத்து, கலைந்த தலையைக் கூடச் சரிசெய்வார். அப்புறம் வீட்டில் ரொம்ப அழுகிற ஆள் யாரோ அவரை முதலில் கூப்பிட்டு, "முகத்துல ஏதாவது மாறியிருக்கான்னு நீங்களே பாருங்க" என்பார். ஒருத்தரும் மாறியிருக்கிறது என்று சொன்னதில்லை. ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் குப்பியை வைத்து, அதைத் திருச்சி வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வருவார். ரோட்டில் எந்தக் குழி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தூக்கத்திலும் தெரியும். ஒரு குலுக்கல் இருக்காது. இதை யாரும் எந்த மலரிலும் எழுதவில்லை.

எனக்கென்று ஒரு ஒழுங்கு இருந்தது. எந்த ஊரில், எந்தத் தெருவில் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு அத்துப்படி. அதில் முக்கியம், சாவு வீட்டில் விடைபெறக் கூடாது. "போயிட்டு வரேன்" என்று சொன்னால், அந்த வீட்டுக்கு இன்னொரு தரம் இதே மாதிரி வருவேன் என்று அர்த்தமாகிவிடும். பேசாமல் எழுந்து, திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும். இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும்.

கலியமூர்த்திக்குத் தெரியவில்லை.

அவன் திருமானூர்க்காரன். அரியலூர் திருமானூர் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தான். முதுகு வலி என்று அந்த வேலையை விட்டுவிட்டு எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்தான். அரியலூர்ப் பக்கத்துக்கு ஒரு ஆள் வேண்டும் என்று டாக்டரம்மாவே சேர்த்துக்கொண்டார். எதற்கு? நான் போக மாட்டேன் என்று சொன்னேனா? எட்டாவது வரைக்கும் படித்தவன், எல்லாரையும் பேர் சொல்லிக் கூப்பிடுகிறவன், வெள்ளைச் சட்டை வேறு. எனக்கு வெறும் காக்கி.

அவனுடைய முதல் வீடு திருமானூரிலேயே. ஒரு பெரியவர் இறந்துபோனார். டாக்டரம்மா எடுத்து முடித்தார். நான் ஒழுங்காக, தலையைக் குனிந்துகொண்டு வெளியே வந்தேன். இவன் பின்னாலேயே வந்தவன், வாசல்படியில் நின்று திரும்பி, நல்ல கண்டக்டர் குரலில், "அம்மா, போயிட்டு வரேங்க" என்றான்.

ஒப்பாரி அப்படியே நின்றது. ஒரு ஆள் துண்டை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார். "எவன்டா அவன்? அடுத்து யாரை எடுக்க வரப்போற?" தொலைந்தான் என்று நினைத்தேன். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கவா முடியும்? மனசுக்குள் அவனை அந்தத் திருமானூர் பஸ்ஸிலேயே திருப்பி ஏற்றிவிட்டேன்.

அப்போது இறந்தவருடைய சம்சாரம், அழுதுகொண்டிருந்த அந்தம்மா, தலையைத் தூக்கிச் சொன்னார். "விடுங்க அவனை. வரட்டும். ஏம்ப்பா, போயி எங்க வூட்டுக்காரர் கண்ணு வேலை செய்யுதான்னு பார்த்துட்டு வந்து சொல்லு. சொல்லாம இருந்துடாத."

அந்தப் பாவியும் போனான். கருமாதிக்கு மறுநாள் போய், "ரெண்டு பேருக்கு வச்சிருக்காங்கம்மா. ஒருத்தருக்கு நல்லாத் தெரியுதாம். இன்னொருத்தருக்குக் கொஞ்சம் நாளாகுமாம்" என்று சொல்லிவிட்டு வந்தான். யார், எந்த ஊர் என்று ஆஸ்பத்திரியில் சொல்ல மாட்டார்கள், இவனும் கேட்கவில்லை. ஆனால் அந்தத் தெருவில் அதற்கப்புறம் யார் இறந்தாலும், "கலியமூர்த்திக்குச் சொல்லி விடு" என்றார்கள். தப்பாகச் சொன்ன ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு அவன் பேர் வாங்கினான். போகிற வீட்டில் எல்லாம் வாசல்படியில் நின்று "போயிட்டு வரேன்" என்பான், ஜனம் அதைக் கேட்கவே காத்திருக்கும். ஒழுங்காக, ஓசைப்படாமல் வெளியே வருகிற என்னை எவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

இனிமேல்தான் அரும்பாவூர்.

என் தங்கச்சி அஞ்சலைக்கு ஒரே மகள், பூங்கோதை. எட்டு வயதில் தட்டம்மை கண்டது. எவளோ சொன்னாள் என்று பச்சிலைச் சாற்றைக் கண்ணில் பிழிந்துவிட்டார்கள். இரண்டு கருவிழியும் வெந்து பால் மாதிரி வெளுத்துப் போனது. வெளிச்சம் எது, இருட்டு எது என்று மட்டும் தெரியும். நான் சொல்கிற காலத்தில் அவளுக்குக் கல்யாண வயது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே படுக்கை கொடுத்து, வரிசையில் வைத்திருந்தார்கள். எத்தனையோ பேருக்குக் கண் கொண்டுவந்து சேர்த்தவன் நான். ஆனால் என் மருமகளை ஒரு இடம் முன்னால் தள்ளி வைக்க டாக்டரம்மா சம்மதிக்கவில்லை. "வரிசைன்னா வரிசைதான், சின்னசாமி" என்றார். ஒருவழியாக அவள் முறை வந்தது. அடுத்து வருகிற கண் அவளுக்கு.

அன்றைக்குப் பெரம்பலூரில் முகாம். காலையிலேயே அரும்பாவூர் போஸ்ட் ஆபீஸிலிருந்து போன். முருகேசன் என்று ஒரு பையன், இருபது வயதுக்கு மேல் இருக்கும், மரச்சிற்பம் செய்கிற ஆசாரி வீட்டுப் பிள்ளை. சின்ன வயதிலிருந்தே நெஞ்சில் வால்வு கோளாறு. காலையில் வேலைக்கு உட்கார்ந்தவன் அப்படியே சாய்ந்துவிட்டான். எங்கள் முகாமுக்கு முன்னொரு தரம் வந்து, தன் கண்ணைக் கொடுக்க வேண்டும் என்று வீட்டில் சொல்லி வைத்திருந்தானாம். அது என் எல்லை. டாக்டரம்மாவை ஏற்றிக்கொண்டு பறந்தேன்.

வீட்டு முன்கட்டில் பையனைக் கிடத்தியிருந்தார்கள். பக்கத்திலேயே பாதி செதுக்கிய குதிரை வாகனம், உளி எல்லாம் போட்டது போட்டபடி. பையனுடைய அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். நான் பேசினேன். "ஐயா, சாமிக்கே கண் திறக்கிற குடும்பம் உங்களுது. இந்த ஒரு தரம் மனுசனுக்குத் திறந்து விடுங்க" என்றேன். இதை நானே யோசித்துச் சொன்னேன், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அந்த மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். பாதி வேலை முடிந்தது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

அம்மா பேர் செல்லம்மா. மகன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தவர், என்னை நிமிர்ந்து பார்த்துக் கேட்டார். "யாருக்கு வைப்பீங்க?"

என் தங்கச்சி மகளுக்கு, அம்மா, கல்யாண வயசுப் புள்ளை, என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தத் தாய் கொடுத்திருப்பார். ஆனால் சொல்லக் கூடாது. டாக்டரம்மா பக்கத்திலேயே நிற்கிறார். வேறொருவனாக இருந்தால் "ரூல்ஸ் இல்லைங்க" என்று சொல்லியிருப்பான். நான் அப்படிச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருந்த நல்ல தமிழ் வார்த்தை எனக்குத் தெரியும்.

"அதைச் சொல்ல முடியாதும்மா. அது விதி" என்றேன்.

அந்தம்மா முகம் மாறியது. "என்ன சொன்ன?"

"விதிங்கம்மா. விதியை யாரும் மீற முடியாது."

"எம்புள்ள போனது விதின்னு எங்கிட்டயே வந்து சொல்றியா நீ? பொணத்தைப் பக்கத்துல வச்சுக்கிட்டு எனக்கு விதி சொல்ல வந்தியா? எந்திரிச்சுப் போடா வெளியே!"

"இல்லைங்கம்மா, நான் சொன்னது ஆஸ்பத்திரி விதி..."

"எல்லா விதியும் ஒண்ணுதான். போ!"

ஒரே வார்த்தைக்கு இரண்டு அர்த்தம் வைத்தவன் எவனோ, அவனைக் கேளுங்கள். நான் சொன்னது சரியான தமிழ். பங்காளிகள் என்னை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். டாக்டரம்மாவை மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. அவர் பையனுடைய இமை மேல் ஈரப்பஞ்சை மாற்றி வைத்துவிட்டு வெளியே வந்து, மெல்லச் சொன்னார். "சின்னசாமி, கலியமூர்த்தி முகாம்லதான் இருக்கார். போய்க் கூட்டிட்டு வாங்க. நான் இங்கயே உட்கார்ந்திருக்கேன்."

மெதுவாகப் போயிருக்கலாம். டயர் பஞ்சர் என்று சொல்லியிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் திருச்சியில் ஒரு பெண் கட்டிலில் உட்கார்ந்துகொண்டு, வேன் சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஓட்டின மாதிரி நான் என்றைக்கும் ஓட்டியதில்லை. என் எதிரியைக் கூட்டிவர நானே வண்டியை விரட்டினேன். இந்தக் கொடுமை வேறு எந்த டிரைவருக்கும் வந்திருக்காது.

திரும்பி வரும்போது பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "என்னண்ணே ஆச்சு?" என்றான்.

"ஒண்ணும் ஆகலை. நீ உன் வேலையைப் பாரு."

"ஏண்ணே இப்படிப் பறக்குறீங்க?"

"வண்டி அப்படி."

பூங்கோதை விஷயத்தை அவனிடம் நான் சொல்லவில்லை. அவனிடம் போய்க் கேட்பதா?

அவன் உள்ளே போனான். நான் ஜன்னல் ஓரம் நின்று பார்த்தேன். அந்தக் குதிரை வாகனத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தான். அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது தம்பி செதுக்கினதாம்மா?" என்றான். "பிடரி வரைக்கும் அவன்தான். அதுக்கு மேல முடியல" என்றார் செல்லம்மா. அப்படியே பேச்சு வளர்ந்தது. பையன் என்ன சாப்பிடுவான், யாரிடம் சண்டை போடுவான் என்று அந்தத் தாய் சொல்லச் சொல்ல இவன் கேட்டுக்கொண்டே இருந்தான். எனக்கோ வெளியில் நெருப்பு மேல் நிற்கிற மாதிரி இருந்தது. பேசுடா, கேளுடா, நேரம் போகுதுடா என்று வாய்விட்டே சொல்லியிருப்பேன்.

கடைசியில் அந்தம்மாவே கேட்டார். "யாருக்குப் போகும்? நல்லா வச்சுக்குவாங்களா?"

"எனக்கும் தெரியாதும்மா. போயி பார்த்துட்டு வந்து சொல்றேன்."

"பேரு ஊரு வேணாம். நல்லாத் தெரியுதான்னு மட்டும் சொல்லு."

"கட்டாயம் சொல்றேன்."

"எடுத்துக்கங்க" என்றார் செல்லம்மா.

அவ்வளவுதான். நானும் அதைத்தானே சொன்னேன்? சொல்ல முடியாது என்று நான் சொன்னேன், தெரியாது என்று அவன் சொன்னான். என்ன வித்தியாசம் என்று இத்தனை வருஷமாக யோசிக்கிறேன். கிளம்பும்போது வாசல்படியில் நின்று "அம்மா, போயிட்டு வரேன்" என்றான். "வாய்யா" என்றார் அந்தத் தாய். மகனை இழந்த வீட்டில் அவனுக்கு அழைப்பு கிடைத்தது.

பூங்கோதைக்கு வலது கண்ணில் வைத்துத் தைத்தார்கள். கட்டுப் பிரிக்கிற அன்றைக்கு நான் விடியற்காலையே குளித்து, கட்டிலுக்கு நேரே போய் நின்றுகொண்டேன். தாய்மாமன் முகம்தான் முதலில் தெரிய வேண்டும் என்று அஞ்சலையிடமும் சொல்லி வைத்திருந்தேன். டாக்டரம்மா பஞ்சை எடுத்தார். "மெதுவாத் திறம்மா. என்ன தெரியுது?"

அவள் கண்ணைச் சுருக்கி, என்னைத் தாண்டிப் பார்த்தாள். "கதவுகிட்ட யாரோ வெள்ளையா நிக்கிறாங்க" என்றாள்.

கதவருகில் கலியமூர்த்தி. செல்லம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று எட்டிப் பார்க்க வந்தவன், வெள்ளைச் சட்டையில் நிற்கிறான். வார்டுச் சுவர் பழுப்பு, நான் போட்டிருந்தது காக்கி. சுவரோடு சுவராக இருந்திருக்கிறேன். அவள் என்னைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரமாயிற்று. "மாமா" என்று என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், அழுதாள், நானும் அழுதேன், எல்லாம் சரி. ஆனால் முதலில் பார்த்தது அவனைத்தான். அது போனது போனதுதான். மறு மாசமே எனக்கும் வெள்ளைச் சட்டை வேண்டும் என்று சண்டை போட்டு வாங்கினேன்.

வெளியே வந்ததும், "உங்க தங்கச்சி மகளாண்ணே? வண்டியிலயே சொல்லியிருந்தா இன்னும் கொஞ்சம் வெரசாப் பேசியிருப்பேனே" என்றான்.

"ஆமா, நீ பேசிக் கிழிச்ச" என்றேன்.

சிரித்தான். அன்றைக்கு மத்தியானமே அரும்பாவூர் பஸ் ஏறிவிட்டான். "நல்லாத் தெரியுதும்மா" என்று மட்டும் சொன்னானாம். செல்லம்மா சோறு போட்டு அனுப்பினாராம். என் மருமகள் முகத்தில் அந்தப் பையனின் கண் இருக்கிறது என்று முழுசாகத் தெரிந்த நான், அந்த வீட்டு வாசல் வழியாக எத்தனையோ தரம் வேன் ஓட்டிப் போயிருக்கிறேன். வாயைத் திறந்ததில்லை. கொடுத்த வீட்டுக்கும் வாங்கின வீட்டுக்கும் நடுவில் பேசாமல் இருப்பதற்கும் நெஞ்சுரம் வேண்டும். அதற்கு யாரும் சட்டம் செதுக்கித் தருவதில்லை. அவனுக்குத் தந்தார்கள். அந்த ஆசாரி, மகன் உளியாலேயே செதுக்கி, "உங்க வூட்டுப் படம் எதுக்காவது மாட்டுங்க" என்று கையில் கொடுத்தாராம். எந்தப் படமும் அதற்கு எடுப்பாக இல்லை என்று கலியமூர்த்தி அதைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தான். கடைசியில் அவன் படமே அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

நான் ஓய்வு பெற்று வெகு காலம் கழித்துத்தான் அவன் போனான். மாரடைப்பு. அவன் மகன் முதல் போன் எனக்குத்தான் போட்டான். "சின்னசாமி அண்ணனுக்கு முதல்ல சொல்லுன்னு அப்பா சொல்லி வச்சிருந்தாருங்க." ஃபேனை நிறுத்து, தலையைத் தூக்கி வை, ஈரப்பஞ்சு போடு என்று போனிலேயே சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திருமானூர் போனேன். பூங்கோதையும் பிள்ளைகளோடு வந்திருந்தாள். "மாமா போயிட்டாரே" என்று அவள் அழுதது அவனுக்கு. தாய்மாமன் நான் கல்லு மாதிரி பக்கத்தில் நிற்கிறேன்.

புது டாக்டர்கள் வந்து எடுத்தார்கள். நன்றாகவே எடுத்தார்கள், குறை சொல்ல முடியாது. எல்லாரும் முறைப்படி பேசாமல் வெளியே போனார்கள். நானும் வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தேன். அவன் சம்சாரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதற்கென்று எனக்குத் தெரியாதா?

"போயிட்டு வரேம்மா" என்றேன்.

"வாங்கண்ணே" என்றார்.

கருமாதிக்கு மறுநாள் போய்ச் சொன்னேன். ரெண்டு பேருக்கு வச்சிருக்காங்க, ரெண்டும் நல்லாத் தெரியுதாம் என்று. அந்தம்மா கேட்டுவிட்டு, "அவரு சொல்ற மாதிரியே சொல்றீங்க" என்றார். பாருங்கள், அதிலும் நான் அவன் மாதிரி.

என் கண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டேன். புரை எடுத்தாயிற்று, ஆனால் கருவிழி கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று டாக்டரே விளக்கு அடித்துப் பார்த்துச் சொன்னார். கலியமூர்த்தியுடையதை விடத் தெளிவு. அரும்பாவூரில் அந்த ஆசாரியின் பேரனிடம் ஒரு சட்டம் சொல்லி வைத்திருக்கிறேன், அவனுடையதை விட ஒரு விரற்கடை அகலம். பக்கத்திலேயே மாட்டட்டும்.

ஒரே ஒரு விஷயம்தான் பொறுக்க முடியவில்லை. அவன் வீட்டு வாசலில் நின்று சொல்லிவிட்டு வர, போய்ப் பார்த்துத் திரும்பி வந்து சொல்ல, நான் இருந்தேன். என் வீட்டுக்கு அப்படி வர அவன் இல்லை. முந்திப் போய்விட்டான். அதிலும் அவனுக்கே யோகம்.